டோன்லே சாப்பில் விழுந்த பிஸ்கட்

ஒரு கிரீம் பிஸ்கட் பாக்கெட் தண்ணீரில் விழுந்து மிதந்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது.

முதுகலை வரலாறு படிக்கும்போது எங்கள் வகுப்பைக் கம்போடியாவுக்கு அழைத்துப் போனார்கள். பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள எங்கள் மீனவர் ஊரான கோட்டைக்குப்பத்திலிருந்து விமானம் ஏறிய முதல் பெண் நான்தான் என்று நைனா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கோயில்களைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பாயோன் கோயிலின் வெளிச்சுவரில் வலை வீசுகிறவர்களையும், படகுக்கு அடியில் நீந்தும் மீன்களையும் செதுக்கியிருந்தார்கள். எங்களை அழைத்துச் சென்ற பேராசிரியர் அதன் முன்னால் நின்று, "இந்தச் சனங்களோட உழைப்பைப் பாருங்க, எவ்வளவு மரியாதையா செதுக்கியிருக்கான்" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது. எனக்கும் கண் கலங்கியது. அந்தக் கல்லில் இருந்தவர்கள் என் சித்தப்பாக்களைப் போலவே குனிந்திருந்தார்கள்.

மறுநாள் டோன்லே சாப் ஏரியில் மிதக்கும் மீனவர் ஊரைப் பார்க்கப் போனோம். படகு நெருங்கியதும் ஆளுக்கொரு போனைத் தூக்கினார்கள். மிதக்கும் வீட்டு வாசலில் ஒரு பெண் வலையிலிருந்து பொடி மீனைப் பிரித்துக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேராசிரியர் பையிலிருந்து பிஸ்கட் பாக்கெட் ஒன்றை எடுத்து அவள் மகளை நோக்கி வீசினார். அது தண்ணீரில் விழுந்தது. அந்தச் சிறுமி குதித்து எடுத்தாள். படகே கைதட்டியது. அவர் வீடியோவைப் பார்த்துவிட்டு, "சரியா விழலை. இன்னொண்ணு போடுறேன், எல்லாரும் கொஞ்சம் நகருங்க" என்றார்.

நான் எழுந்து அவர் பையைப் பிடித்துக்கொண்டேன். "போதும் சார்."

"என்னம்மா, உங்க ஊர் ஞாபகம் வந்துடுச்சா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். அப்போதுதான் படகின் ஓரத்தில் சாய்ந்து வாந்தி எடுத்தேன். நடக்கத் தெரியும் முன்பே படகில் கிடந்தவள் நான். "மீன்காரப் பொண்ணுக்கே படகு ஒத்துக்கலையா" என்று யாரோ கேட்டார்கள். அதற்கும் சிரித்தார்கள். வலையோடு இருந்த பெண் மட்டும் என்னைப் பார்த்தாள். ஒரு குவளையில் தண்ணீர் மொண்டு நீட்டினாள்.

போன மாதம் பேராசிரியர் போன் செய்தார். வெளிநாட்டு விருந்தாளிகள் பழவேற்காட்டுக்கு வருகிறார்களாம், பூநாரையும் டச்சுக் கல்லறையும் பார்க்க. "அப்படியே உங்க அம்மா கையால இறால் பிடிக்கிறதையும் காட்டிடலாம்மா. கூடையைப் பல்லுல கடிச்சு இழுத்துக்கிட்டுப் போவாங்களாமே, அது விருந்தாளிங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்."

"டோன்லே சாப் ஞாபகம் இருக்கா சார்?"

"எது, அந்த ஏரியைச் சொல்றியாம்மா? அங்க என்ன இருந்தது? பாயோன் சுவர் மட்டும் கண்ணுலயே நிக்குது. அந்த மீனவர்கள், அடடா."

"அம்மா வர மாட்டாங்க சார்" என்று சொல்லி போனை வைத்தேன்.

அம்மா ஏரியிலிருந்து அப்போதுதான் வந்து ஈரச்சேலையைப் பிழிந்துகொண்டிருந்தாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று வந்த கால்கள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. "யாரு, இன்னாவாம்?" என்றாள்.

"படிக்கும்போது இருந்த சார். நம்ம ஊருக்கு வராராம்."

"உனக்குப் பாடம் சொன்னவரா? வரச் சொல்லேன்டி. எறா தொக்கு வச்சி ஒரு வாய் சோறு போட்டு அனுப்பலாம்."

அவர் கேட்டது இன்னதென்று நான் அவளிடம் சொல்லவில்லை. "அவரு நம்ம வீட்ல சாப்புடுற ஆளு இல்லம்மா" என்றேன்.