இந்தத் தடவை ராஜபார்ட் பெண்

ஆண்டு விழா நாடகத்தை என் தலையில் கட்டுவது எங்கள் பள்ளியில் வழக்கமாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு, பிளஸ் டூவுக்கு ஸ்பெஷல் கிளாஸ், திண்டுக்கல் வெயில், அதற்கு மேல் இது. போன வருடம் அலுப்பில் ஒரு வேலை செய்தேன். எல்லோரும் பார்த்துச் சலித்த மாயக்கதையைத் திருப்பிப் போட்டேன். அரக்கியின் மாயத்தில் தூங்குபவன் இளவரசன். பாட்டாலேயே கோட்டைக் கதவுகளைத் திறந்து அவனை மீட்பவள் இளவரசி. வசனம் கிடையாது, முழுக்கப் பாட்டு.

இளவரசிக்கு ஆள் தேட வேண்டியிருக்கவில்லை. பிளஸ் டூவில் பேகம்பூர்ப் பெண் ஒருத்தி இருந்தாள். நெடுநெடுவென்று உயரம், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கும் குரல். பெண்கள் பள்ளியில் இப்படி ஒருத்தி கிடைத்தால் விடுவார்களா? ஆறாம் வகுப்பிலிருந்தே ராஜா, சேனாபதி, எமன் என்று அவளுக்கு மீசை வேஷம்தான்.

வேஷம் பிரித்த அன்று வாய்ப்பழக்கத்தில், "ராஜபார்ட் உனக்குத்தான்" என்றேன். எங்கள் பக்கத்தில் கதாநாயக வேஷத்துக்கு அதுதான் பெயர். அவள் முகம் செத்துப்போனது.

"கடைசி வருஷமாச்சும் பொண்ணா வாரேனே மிஸ்" என்றாள்.

"இந்தத் தடவை ராஜபார்ட்டே பொண்ணுதான்டி."

நம்பாமல் பாட்டுத் தாள்களை வாங்கிப் படித்துப் பார்த்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், எனக்கே பாதிக் களைப்பு தீர்ந்தது. "அப்ப எங்க அத்தாவக் கடைய மூடிட்டு வரச் சொல்றேன் மிஸ். இம்புட்டு வருஷமா வந்ததே இல்ல" என்றாள். அவள் அப்பாவுக்குப் பிரியாணிக் கடை.

தூங்கும் இளவரசனாகப் பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தியைப் போட்டிருந்தேன். ஒத்திகையில் மீசையோடு அவள் நின்ற படத்தை யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். மறுநாள் காலையிலேயே அவள் அம்மா வந்துவிட்டாள்.

"ஏன் டீச்சர், வயசுக்கு வந்த புள்ளைக்கு மீசைய ஒட்டிப் படம் பிடிச்சு ஊருக்கெல்லாம் அனுப்புவீங்களா? பொம்பள வேஷம்னா ஆடட்டும். இல்லாட்டி வேணாம்."

அதைப் பார்த்து மற்ற பிள்ளைகளும் ஜகா வாங்கினார்கள். எல்லோருக்கும் இளவரசியாக வேண்டும், மீசையோடு படுக்க ஒருத்தி இல்லை. தலைமையாசிரியை, "எப்படியாவது ஒப்பேத்துங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். ஸ்டாஃப் ரூமில் உட்கார்ந்தபோது எனக்கு அழுகை வந்தது. துக்கம் ஒன்றுமில்லை, வெறும் சோர்வு.

பேகம்பூர்ப் பெண்தான் வந்து நின்றாள். "நானே படுத்துக்கிறேன் மிஸ். மீசை எனக்குப் பழக்கம்தானே." வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இளவரசி உடை அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணுக்குப் போனது. அவளுக்கு உடை பொருந்தியது, பாட்டுத்தான் வரவில்லை. அதனால் இளவரசனின் தலையணைக்கடியில் மைக்கை ஒளித்து வைத்தோம். பேகம்பூர்ப் பெண் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி பாடினாள், சின்னவள் முன்னால் நின்று வாயசைத்தாள். தன்னை மீட்க வருபவளுக்கும் சேர்த்து இவளே பாடினாள். கதவுகள் திறந்தன, கூட்டம் விசிலடித்தது. கைதட்டல் எல்லாம் நின்றவளுக்கு.

முடிந்ததும் அவள் அத்தா மேடைப் பக்கம் வந்தார். கடையிலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டையில் மசாலா வாசம்.

"டீச்சர், பாடுனது பூரா எம் புள்ளதானே?"

"ஆமாங்க" என்றேன்.

"குரலக் கேட்டதுமே தெரிஞ்சுபோச்சு." அவர் முகமெல்லாம் சிரிப்பு. அப்புறம் மேடையில் கிடந்த தலையணையைப் பார்த்தார். "அப்ப எதுக்கு டீச்சர் அதைப் படுக்க வச்சீங்க?"

குறையாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மீசைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று அந்த மனிதரிடம் எந்த வாயால் சொல்வது?