‘வாரேன்’ என்றொரு பொத்தான்

இங்கே யாரும் சொல்லிக்கொண்டு போவதில்லை. பின்லாந்துக்கு வந்து இத்தனை வருடம் ஆகியும் எனக்கு இது ஒன்று மட்டும் பழகவில்லை. மதியம் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவார்கள். தட்டு காலியானதும் எழுந்து நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். கோபமோ என்று நினைத்தால் அதுவும் கிடையாது. வந்த புதிதில் ஒரு சாயங்காலம், பக்கத்து மேசை மார்க்குவிடம், ஊர்ப் பழக்கத்தில் ‘போயிட்டு வாரேன்’ என்பதை அப்படியே ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். மறுநாள் அவன், “நேற்று ஏன் நீ வரவே இல்லை?” என்று கேட்டான். பாவம், நான் திரும்பி வருவேன் என்று விளக்கை அணைக்காமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்திருக்கிறான். எங்கள் திண்டுக்கல்லில் ‘போறேன்’ என்று யாரும் சொல்ல மாட்டார்கள், ‘வாரேன்’ என்றுதான் சொல்வார்கள், இழவு வீட்டிலிருந்து மட்டும்தான் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வருவோம் என்று விளக்கினேன். “அப்படியானால் ஒரு ஆள் நிஜமாகவே போய்விட்டாரா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றான். அன்றைக்கு நான் சிரித்துவிட்டேன்.

நாங்கள் இருவரும் செய்யும் வேலையே ஒருவகையில் அந்தக் கேள்விதான். நாங்கள் விளையாட்டு செய்வதில்லை, ஆன்லைனில் பல பேர் சேர்ந்து விளையாடும் விளையாட்டுகளுக்கான என்ஜினைச் செய்கிறோம். திண்டுக்கல் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற என் அப்பாவுக்கு இதைப் புரியவைக்கச் சிரமமே இருக்கவில்லை. “அப்ப நீங்க பஸ்ஸுக்கு சேஸ் மட்டும் குடுக்குறீக, அவெய்ங்க கரூர்ல பாடி கட்டிக்கிறாய்ங்க. அம்புட்டுத்தான?” என்றார். அம்புட்டுத்தான். அந்த என்ஜினில் என் பங்கு, ஊகம். ஒருவன் பிரேசிலில் இருந்தும் இன்னொருத்தி கொரியாவில் இருந்தும் விளையாடும்போது நடுவில் லைன் அறுந்து அறுந்து வரும். அறும்போதெல்லாம் ஆள் சிலையாக நின்றுவிட்டால் விளையாட்டு நாறிவிடும். அதனால் என்ஜின் ஊகிக்கிறது. இடது பக்கம் நடந்துகொண்டிருந்தவன் இன்னும் இடது பக்கம்தான் நடப்பான் என்று அவன் உருவத்தைத் தானே நடத்திக்கொண்டு போகும். நிஜச் செய்தி வந்ததும் ஓசைப்படாமல் சரிசெய்துகொள்ளும். ‘வெளியேறு’ என்ற பொத்தானை அழுத்தினால்தான் உருவம் மறையும். அந்தச் செய்தி வராதவரை, ஆள் இருப்பதாகவே என்ஜின் நம்பும். போன வருடம் இதை இன்னும் நீட்டினோம். ஒவ்வொருவரும் எப்படி நடக்கிறார், எங்கே திரும்புகிறார் என்று பழகிக்கொண்டு, லைன் நீண்ட நேரம் போனாலும் அவரைப் போலவே நடந்துகாட்ட வேண்டும். என்ஜினைப் பழக்கும்போது ஆள் அசையாமல் நின்ற நேரங்களையெல்லாம் கழித்துவிடச் சொன்னவள் நான்தான். நிற்பதற்கும் லைன் போனதற்கும் என்ஜினுக்கு வித்தியாசம் தெரியாது.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு ஊர் வேண்டியிருந்தது. மற்றவர்கள் காடு, கோட்டை என்று கட்டினார்கள். நான் எங்கள் தெருவைக் கட்டினேன். அம்மா இறந்த பிறகு அப்பா அந்த வீட்டில் தனியாக இருக்கிறார். பஸ் படியில் ஏறி இறங்கித் தேய்ந்த மூட்டுகள், சாயங்கால நடைக்கே ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டன. அதனால் தெருவை அவருடைய டேப்லெட்டுக்கு அனுப்பினேன். பெருவிரலால் கண்ணாடியைத் தேய்த்தால் அவர் உருவம் நடக்கும், அவர் பேசுவது எனக்குக் கேட்கும். முதல் நாளே குற்றம் கண்டுபிடித்தார். “மலைக்கோட்ட இம்புட்டுக் கிட்டத்துல தெரியாது தாயி. வளைவு தாண்டுனாத்தான் தெரியும்.” மலையைத் தள்ளி வைத்தேன். மாதா கோவில் மணியைச் சேர்த்தேன். அடுத்து பொத்தானைப் பிடித்துக்கொண்டார். “வெளியேறுன்னா, என்னமோ வீட்ட விட்டு வெரட்டுற மாதிரில்ல இருக்கு?” அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்த ஒரு தெருவுக்கு மட்டும் அதை எடுத்துவிட்டு, ‘வாரேன்’ என்று ஒரு பொத்தான் வைத்தேன். வாரேன் என்று சொன்னவரை அழித்துவிட எனக்கு மனம் வரவில்லை. அதனால் அதை அழுத்தினால் உருவம் மறையாது, லைன் போனவராகக் கணக்கில் கொண்டு என்ஜின் பார்த்துக்கொள்ளும். எங்கள் ஊர்க்காரி எவளும் இதைத்தான் செய்திருப்பாள். மார்க்கு செய்திருக்க மாட்டான்.

தினமும் நடந்தோம். அங்கே ஆறு மணி ஆகும்போது இங்கே மதியம் இரண்டரை. குளிர்காலத்தில் அந்த நேரத்துக்கே வெளிச்சம் மங்கத் தொடங்கிவிடும். அவர் பேசிக்கொண்டே வருவார், நான் ‘ம்’ கொட்டுவேன். பிறகு என்ஜினின் புதிய பதிப்பு வெளிவரும் நேரம் வந்தது, தலைக்கு மேல் வேலை. சில வாரங்கள் நான் அந்தத் தெருப்பக்கமே போகவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டு ரோஸ்லின் அக்கா போன் செய்தார். “ஏ ஜெஸி, ஒங்கப்பாவுக்கு என்னமோ மாதிரி இருக்குடி. நேத்து சோத்துக்கு வெஞ்சனம் குடுக்கப் போனேன். செத்த இரு, ஜெஸி கூட நடந்துக்கிட்டு இருக்கேங்கிறாரு. தெனமும் வாராளாம். நீ வாரியா என்ன?”

“இல்லக்கா. வேல.”

“அப்ப யாருகிட்ட இம்புட்டுப் பேச்சுப் பேசுறாரு? டாக்டர்ட்ட காட்டிருவமா?”

அப்பாவுக்குப் புத்தி தடுமாறத் தொடங்கிவிட்டதா, மகளுக்கும் பொம்மைக்கும் வித்தியாசம் தெரியவில்லையா, அது தெரிந்தாக வேண்டும். போனில் கேட்கப் பயமாக இருந்தது. என்ஜின் செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. உருவம் இல்லாமல், வெறும் கண்ணாக உள்ளே போய் நிற்கலாம். மறுநாள் இரண்டரை மணிக்கு நான் வழக்கமாக நிற்கும் இடத்தில், கோவில் சுவர் ஓரமாய்ப் போய் நின்றேன். தெரு காலியாக இருந்தது. முதலில் ஒரு நிழல் நீண்டது. பிறகு என் கண்ணுக்கு உள்ளேயிருந்து என் பின்னந்தலை வெளியே வந்தது. என் சிவப்புச் சட்டை, என் ஒற்றைச் சடை. நான் நிற்கும் இடத்துக்குப் பழக்கத்தில் வந்திருந்த என் உருவம், என்னை ஊடுருவிக்கொண்டு அப்பாவை எதிர்கொள்ளப் போய்க்கொண்டிருந்தது.

வளைவிலிருந்து அப்பாவின் உருவம் வந்தது. அதுவும் ஊகம்தானோ என்று ஒரு கணம் பதறினேன். குரல் கேட்டதும்தான் மூச்சு வந்தது. “இன்னைக்கு மழக் கோப்பு தாயி. சாணார்பட்டிப் பக்கம் கறுத்துக் கெடக்கு.” என் உருவம் அவர் பக்கம் திரும்பியது. அவருக்கு இரண்டு அடி இடது பக்கம், நான் நடக்கும் அதே இடைவெளியில், கூடவே நடந்தது. கோவில் மணி அடித்தது. அப்பா நின்றார், சிலுவை போட்டுக்கொண்டு முணுமுணுப்பது கேட்டது. அது நிற்கவில்லை. நிற்க அதற்குத் தெரியாது. அவரை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றி, முகத்தைப் பார்த்து, திரும்பவும் சுற்றியது. அவர் நடந்ததும் ஒட்டிக்கொண்டது. அதைவிட நல்ல மகளாக நான் ஒருநாளும் நடந்ததில்லை. எனக்குப் பயமாக இருந்தது, வெட்கம் கெட்ட பொறாமையாகவும் இருந்தது.

உள்ளே போய்விடுவது என்று முடிவு செய்தேன். ஓடும் பஸ்ஸில் டிரைவர் மாறுவதைப் போல, நாம் நுழைந்தால் என்ஜின் நம்மை நம் உருவத்தில் அது இருக்கும் இடத்திலேயே உட்கார்த்திவிடும். வெளியே இருப்பவர்களுக்கு ஒரு சின்ன அசைவுகூடத் தெரியாது. என்ஜினில் அந்தப் பகுதியை நானே எழுதினேன், எனக்குத் தெரியும். நுழைந்தேன். அப்பா பக்கத்தில் இருந்தேன். விசையில் விரல் வைத்தேன், அழுத்த வரவில்லை. அது நடந்த மாதிரி நடக்க வேண்டுமா, நான் நடந்த மாதிரியா என்று எனக்குக் குழம்பிவிட்டது.

அப்பா இரண்டு எட்டு முன்னால் போனார். நின்றார். திரும்பினார்.

“வந்துட்டியா தாயி?”

“எப்படிப்பா தெரிஞ்சது?”

“நின்னுட்டேல்ல.”

அவரே சொன்னார்: “அந்தப் பொம்ம நிக்காது. நீன்னா பாதியில அப்படியே நின்னுருவ. ஆபீஸ்ல யாரோ கூப்புட்டுருப்பாகன்னு நானும் நிப்பேன். நீ நின்னாத்தான் நீ இருக்கன்னு அர்த்தம்.”

“ரோஸ்லின் அக்கா பயந்துட்டாங்கப்பா.”

“கண்டக்டர் தாயி நானு. ஏறுனது யாரு, எறங்குனது யாருன்னு தெரியாமலா இத்தன வருசம் ஓட்டுனேன்? அவகிட்ட வெளக்கிச் சொன்னா நேரா டாக்டர்ட்டதான் கூட்டிட்டுப் போவா.”

சிரித்துவிட்டு, “அத எடுத்துரட்டுமாப்பா?” என்று கேட்டேன்.

அவர் மறுபடி நடக்கத் தொடங்கினார்.

“எதுக்கு? வாரேன்னுதான சொல்லிட்டுப் போன. ஊருக்கு வந்தப்புறம் எடு.”

கொஞ்ச தூரம் சேர்ந்து நடந்தோம். ரோஸ்லின் அக்கா இட்லி கொண்டுவந்துவிட்டதாக அப்பா சொன்னார். “என்னைய மாதிரியும் ஒண்ணு சுத்துமுல்ல? நான் சாப்டப் போனாலும் ரெண்டும் நடக்குமா?”

“நடக்கும்ப்பா.”

“நடக்கட்டும். வாரேன் தாயி.”

“வாரேம்ப்பா.”

பொத்தானை அழுத்திவிட்டு, பார்க்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே வெறும் கண்ணாகத் திரும்பவும் போய் நின்றேன். அந்தத் தெருவில் இப்போது ஆள் என்று யாரும் இல்லை. அப்பாவின் உருவம் மூட்டு வலி இல்லாமல் நடந்தது. இரண்டு அடி இடது பக்கம் நான். வளைவு தாண்டியதும் மலை தெரிந்தது. இருவரும் நிற்கவே இல்லை.

கணினியை மூடினேன். ஜன்னலுக்கு வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. கோட்டை மாட்டிக்கொண்டு இறங்கி, டிராமில் பாதி தூரம் வந்த பிறகுதான் உறைத்தது. மார்க்கு மேசையில்தான் இருந்தான். அவனைக் கடந்துதான் வந்திருக்கிறேன். அவனிடம் ஒரு வார்த்தைகூடச் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பி வந்திருந்தேன்.