“ராஜவேலு வந்துட்டானா?”

எனக்கு நூலகத்தின் மேல் பெரிய பக்தி எல்லாம் கிடையாது. கடலூர் முதுநகரில் எங்கள் பகுதி நூலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். வேறு ஆள் அகப்படாமல் என்னை வாசகர் வட்டத்துக்குப் பொருளாளர் ஆக்கிவிட்டார்கள். கூட்டத்துக்கு டீ சொல்வதும், நூலக நண்பர்களுக்கு அடையாள அட்டை அச்சடித்து லேமினேஷன் போட்டுக் கொடுப்பதும்தான் என் தொண்டு. நூலக நண்பர்கள் என்றால், நடமாட முடியாதவர்களின் வீடு தேடிப் புத்தகம் கொண்டுபோய்க் கொடுத்து, படித்ததும் வாங்கி வருகிறவர்கள். சம்பளம் கிடையாது. ஒரு பையும் ஓர் அட்டையும் உண்டு.

சரண்யாவின் கழுத்தில் இரண்டு வருடத்துக்கு மேல் தொங்கிய அட்டை அவளுடையது அல்ல. அதில் இருந்தது அவள் புருஷன் ராஜவேலின் படம்.

ராஜவேல் கடலுக்குப் போகிறவன். கரைக்கு வந்து மீனைப் போட்டுவிட்டுக் குளித்தானென்றால், பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடுகளுக்குப் புத்தகம் கொடுக்கச் சைக்கிளில் கிளம்பிவிடுவான். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கைக்குக் கிடைத்ததை எல்லாம் படிப்பான். “வல உட்டுட்டு சும்மாதான ஒக்காந்துனு இருக்கோம், படிச்சா தூக்கம் வராதுண்ணா” என்பான். பாலிதீன் கவரில் சுற்றி எடுத்துப்போவான். அவன் கடலுக்குக் கொண்டுபோன புத்தகம் ஒன்றுகூட நனைந்து திரும்பியதில்லை என்று நூலகர் அம்மா சொல்வார்.

ஓர் ஐப்பசியில் படகு கவிழ்ந்தது. கூடப் போன இரண்டு பேர் நீந்திக் கரை சேர்ந்தார்கள். ராஜவேல் வரவில்லை. ஊரே படகெடுத்துத் தேடியது. உடம்பும் கிடைக்கவில்லை.

சில வாரம் கழித்து சரண்யா அவனுடைய பையோடு நூலக வாசலில் வந்து நின்றாள். திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறாள் என்று நூலகர் அம்மா கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“அவுரு வர்ற வரைக்கும் நான் எடுத்துனு போறேம்மா. வேற ஆளப் போட்டுடாதீங்க.”

உன் பேருக்கு ஓர் அட்டை போட்டுத் தருகிறேன் என்றேன். “வாணாண்ணா. அவுரு வந்துட்டா ஒரே பைக்கு ரெண்டு கார்டு எதுக்கு?” என்றாள்.

காரியம் செய்துவிடு என்று மாமியார் முதற்கொண்டு எல்லோரும் சொல்லிப் பார்த்தார்கள். அவள் பூவையும் எடுக்கவில்லை, பொட்டையும் எடுக்கவில்லை. சிப்காட் பக்கம் ஒரு கேன்டீனில் வேலை. மதியம் வீடு திரும்பியதும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள்.

அவள் போகிற வீடுகளில் ஒன்று வைத்திலிங்கத்தினுடையது. காட்டுமன்னார்கோயில் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர், இடுப்பு ஒடிந்து மகன் வீட்டில் கட்டிலோடு கிடந்தார். ஞாபகமும் போய்க்கொண்டிருந்தது. போன மாதம் படித்த புத்தகத்தையே நீட்டினாலும் ஆசையாக வாங்கிக்கொள்வார். அவருக்கு ஏதோ தாள் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுக்கப் போனபோது, சரண்யா உள்ளே நுழைவதைப் பார்த்தேன்.

“இன்னாம்மா, ராஜவேலு வந்துட்டானா?” என்றார்.

“இன்னும் வர்ல மாமா. வந்துருவாரு.”

“வந்தா இங்க ஒரு தபா வரச் சொல்லு.”

“சொல்றேன் மாமா.”

அந்த நேரம் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! நிஜமாகவே சாயங்காலம் புருஷன் வரப்போகிறவள் மாதிரி இருந்தாள். எங்களில் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அழுதுவிடுவாளோ என்று பேச்சை மாற்றிவிடுவோம். வைத்திலிங்கத்துக்கு மட்டும் ராஜவேல் நேற்றுத்தான் கடலுக்குப் போயிருந்தான்.

இந்த நேரம் பார்த்துத்தான் வாசகர் வட்டத் தலைவர் பூவராகனுக்கு நல்லது செய்யும் ஆசை வந்தது. மனுஷன் தங்கமானவர்தான், ஆனால் அவசரக்குடுக்கை. சிதம்பரத்தில் சொல்லி ஓர் இரும்பு அலமாரி செய்து வரவழைத்தார். ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் அல்லவா, மஞ்சள் பெயிண்டில் அவரே எழுதினார்: ‘ராஜவேல் நினைவாக’. எங்கள் நூலகத்தில் நாற்காலி, மின்விசிறி, கடிகாரம் என்று எதைத் தொட்டாலும் யாராவது ஒருவர் நினைவாகத்தான் இருக்கும். அந்தப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது. பார்த்தவர்கள் எல்லோரும் எழுத்து அழகாக இருக்கிறது என்றார்களே தவிர, ஒருத்தருக்கும் உறைக்கவில்லை.

சரண்யா புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். அலமாரியைப் பார்த்தாள். சந்தோஷப்படுவாள் என்று எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“இத யாரு எழுதுனது?”

“நாந்தாம்மா” என்றார் பூவராகன், பெருமையாக.

“அவுரு பேரு இருக்கட்டும். ரெண்டாவது வார்த்தைய அழிச்சிடுங்கண்ணா. ஒடம்பு கெடைக்கலன்னு போலீஸே எதுவும் எழுதல. நீங்க எப்பிடி எழுதுனீங்க?”

சத்தம் போட்டுக் கேட்டிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பூவராகன் டர்பன்டைனைத் துணியில் நனைத்துத் துடைத்தார். ராஜவேல் என்ற பெயரும், பக்கத்தில் மஞ்சள் தீற்றலோடு வெற்றிடமும் மிஞ்சின. சரண்யா அன்றைக்கும் அடுத்த புத்தகங்களை எடுத்துக்கொண்டுதான் போனாள். அவள் போனதும் பூவராகனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். பாவம், பெயிண்ட் கையோடு உட்கார்ந்து அழுதுவிட்டார்.

போன மாசியில் வைத்திலிங்கம் இறந்துபோனார். சரண்யாவுக்குத் தெரியாது. வழக்கமான நாளில் பையோடு போனவளை வாசலில் பந்தல்தான் வரவேற்றது. அவர் பாதி படித்திருந்த புத்தகத்தை மருமகள் கொண்டுவந்து இவள் கையில் கொடுத்தாளாம்.

சில நாள் கழித்து சரண்யா என் கடைக்கு வந்து ஒரு பாஸ்போர்ட் சைஸ் படத்தை நீட்டினாள்.

“என் பேருக்கு ஒரு கார்டு போட்டுக் குடுங்கண்ணா.”

படத்தில் பொட்டு இல்லை. நிமிர்ந்து பார்த்தேன். நெற்றியிலும் இல்லை.

“என்னம்மா இது?”

“வைத்திலிங்கம் மாமா போயிட்டாரு. இனிமே அவுரு வந்துட்டாரான்னு கேக்க யாருமில்ல. யாராச்சும் கேட்டாத்தான வந்துருவாருன்னு சொல்ல முடியும்? எனக்கு நானே சொல்லிப் பாத்தேண்ணா. முடியல.”

அட்டையைப் போட்டுக் கொடுத்தேன். லேமினேஷன் சூடு ஆறுவதற்குள் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ராஜவேலின் அட்டையைப் பைக்குள் பத்திரமாக வைத்தாள். எதிர்ப்பக்கம் நூலகத்துக்குப் போனாள். எனக்குக் கடையில் இருப்புக் கொள்ளவில்லை, பின்னாலேயே போனேன். பூவராகன் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“அந்த வார்த்தைய எழுதிடுங்கண்ணா” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். “அப்பிடியே இருக்கட்டுமேம்மா” என்றார்.

“இல்லண்ணா. எழுதிடுங்க.”

பீரோவுக்கு அடியிலிருந்து பெயிண்ட் டப்பாவை எடுத்தார். அன்றைக்கு ஒரே வீச்சில் எழுதியவர், இன்றைக்கு முதல் எழுத்தையே இரண்டு தடவை துடைத்துவிட்டு எழுதினார். சரண்யா டப்பாவைத் தன் கையில் வாங்கி, அவர் தொட்டுக்கொள்ள வாகாகப் பிடித்துக்கொண்டாள். கடைசி எழுத்து வரை நகரவில்லை. பக்கத்துப் பெயரோடு ஒட்டாமல் எழுத்து கோணல்மாணலாகத்தான் வந்தது.

“நல்லா இருக்குண்ணா” என்று சொல்லிவிட்டு, டப்பாவைக் கீழே வைத்தாள். பிறகு பையில் புத்தகங்களை அடுக்க ஆரம்பித்தாள்.