அடையாள அட்டை உறைக்குள் ஒரு காட்டுவழி

சைக்கிள் ஓட நல்ல காட்டுவழி கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு திறமை இருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. அது இல்லாதிருந்தால் என் அக்கா இன்றைக்குப் புருசனோடு இருந்திருப்பாள்.

போர் நடந்த ஆண்டுகளில் திருகோணமலையில் ஒரு நிவாரண அலுவலகத்தில் எழுதுவினைஞனாக இருந்தேன். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது தன் மவுண்டன் பைக்கை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். தடித்த ரயர், நேரான ஹாண்டில், பதினைந்து கியர். எங்கள் ஊரான பாலையூற்றில் அதைக் கண்டவர்கள் எல்லாம் 'எருமை' என்றார்கள். "எருமைக்கு இண்டைக்குத் தவிடு வச்சாச்சோ?" என்று கடைக்காரர் கேட்பார். நானும் சிரிப்பேன். அந்த நாட்களில் எனக்கு எதற்கும் சிரிப்பு வந்தது.

அப்போது எல்லோரும்தான் காட்டுவழியால் போனார்கள். பெருந்தெருவில் இராணுவம் காவலுக்கு நின்ற சென்றிக்குச் சென்றி இறக்கி, அடையாள அட்டையைப் பார்த்து, நிறுத்தி வைத்து, சில நாள் வழியையே மூடிவிடுவார்கள். அதனால் விறகு வெட்டுகிறவர்களும் மீன் கொண்டுபோகிறவர்களும் பற்றைக்குள்ளால் ஒற்றையடிப் பாதைகளை உண்டாக்கி வைத்திருந்தார்கள். அவர்கள் பயத்தில் போனார்கள். நான் ஆசையில் போனேன். இதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

வழி பிடிக்கிற முறையை நானாகத்தான் கற்றுக்கொண்டேன். மாடு போன தடத்தை நம்பலாம், மாடு வீணாக மேட்டில் ஏறாது. பச்சைச் சாணம் கிடந்தால் அந்த வழியில் கண்ணிவெடி இருக்க வாய்ப்புக் குறைவு. வெள்ளை மணல் வந்தால் ரயரில் கொஞ்சம் காற்றை இறக்கிவிட வேண்டும், கெட்டியான கிரவல் தரை வந்ததும் பம்பை எடுத்துத் திரும்ப அடிக்க வேண்டும். கன்னியாப் பக்கத்துப் பாறைகளின் இடுக்கால் இறங்கி, ஈச்சம்பற்றைகளைச் சுற்றி, நிலாவெளி வீதியில் எங்கேயாவது போய் வெளியே மிதப்பேன். வெடிச்சத்தம் கேட்டால் இறங்கிக் குந்தியிருப்பேன். நின்றதும் மிதிப்பேன்.

எங்கள் ஊரில் வழியை வாயால்தான் சொல்வார்கள். "பட்ட பாலை மரத்துக்கு வலக்கைப் பக்கம் திரும்பி, தண்ணி நிக்கிற மடுவைக் கண்டால் இடக்கைப் பக்கம்" என்று ஒருவர் சொல்ல, மற்றவர் பாடமாக்கிக்கொள்வார். எவரும் தாளில் எழுதுவதில்லை. தாள் என்றாலே ஆபத்து. பழைய கடிதம், யாரோ ஒருவரின் தொலைபேசி எண் கிறுக்கிய துண்டு, எதுவும் சட்டைப்பையில் இருக்கக்கூடாது. ஆம்பிளைகள் வெளியே போகுமுன் வீட்டுப் பெண்கள் வாசல் படலையடியில் மறித்துச் சட்டைப்பையைத் தட்டிப் பார்ப்பார்கள். அக்காவும் அத்தானை ஒருநாளும் தட்டாமல் விட்டதில்லை.

என்னைக் கெடுத்தது மலைநாட்டுப் பயணம். அலுவலகத்திலிருந்து ஒரு பயிற்சிக்காக இரண்டு கிழமை பண்டாரவளைக்கு அனுப்பினார்கள். நான் தங்கியிருந்த விடுதிக்காரரிடம் ஒரு பழைய சைக்கிள் இருந்தது. தேயிலைத் தோட்டங்களுக்கு ஊடாக ஓட வழி இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ஒரு கடித உறையைக் கிழித்து, அதன் முதுகில் வழியைப் படமாகக் கீறித் தந்தார். ஏற்றத்துக்கு ஒரு அம்புக்குறி, நாய் உள்ள தொழிலாளர் லயத்துக்கு ஒரு பெருக்கல் குறி. அந்தத் தாளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நான் பகல் முழுவதும் மூடுபனிக்குள் ஓடினேன். வழியைத் தாளில் பார்ப்பது அவ்வளவு இன்பமாக இருக்கும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

ஊருக்குத் திரும்பியதும் நானும் கீறத் தொடங்கினேன். மேடு, மணல், பாறை எல்லாவற்றுக்கும் ஒரு குறி வைத்திருந்தேன். சென்றிகளுக்கு வட்டம். கீறி முடித்து, கொஞ்ச நேரம் பார்த்து ரசித்துவிட்டு, குசினி அடுப்பில் போட்டு எரித்துவிடுவேன். ஒவ்வொரு முறையும் எரித்தேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை.

அத்தான் கணித வாத்தியார். கணக்கில் புலி, வழியில் பூச்சியம். கோயிலை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு எந்த வாசலால் வந்தோம் என்று கேட்கிற மனிதர். அவருடைய அம்மா நிலாவெளிக்கு அப்பால் இறக்கக்கண்டி ஊரில் காய்ச்சலாகக் கிடந்தார். பெருந்தெருவை மூடி மூன்று நாளாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை விடிய அத்தான் என் அறைக்கு வந்து கதிரையில் இருந்தார்.

"தம்பி, நீயும் வாவன். எனக்கு அந்தக் காட்டுக்குள்ள திசை பிடிபடாது."

"அத்தான், நீங்கள் மணலைக் கண்டால் இறங்கி உருட்டுவீங்கள். போய்ச் சேரப் பொழுதுபட்டிடும்."

உண்மை அதுவல்ல. கன்னியாப் பக்கம் ஒரு புது இறக்கம் இருப்பதாக ஒரு விறகுக்காரர் சொல்லியிருந்தார். கிழமைக்கு ஒருநாள் கிடைக்கிற லீவை அத்தானுக்குப் பின்னால் உருட்டிக்கொண்டு போய் வீணாக்க எனக்கு மனமில்லை.

"அப்ப வாயால சொல்லு, பாடமாக்கிறன்," என்றார்.

சொன்னேன். திரும்பச் சொன்னார், பிழை. மறுபடியும் சொன்னேன், மறுபடியும் பிழை. எனக்குக் கோபம் வந்தது. ஒரு தாளைக் கிழித்து, ஐந்து நிமிடத்தில் முழு வழியையும் கீறினேன். மேடு, மணல், விலகிப் போகவேண்டிய சென்றிகளின் வட்டங்கள். அழகாகத்தான் வந்திருந்தது.

அத்தான் அதைப் பார்த்துத் தயங்கினார். "அக்கா தட்டிப் பார்ப்பாளே?"

"அட்டையைத் தாங்கோ," என்றேன். அவருடைய அடையாள அட்டையை வாங்கி, அதன் பிளாஸ்ரிக் உறைக்குள் அட்டைக்குப் பின்னால் தாளை மடித்துச் செருகினேன். "இதுக்குள்ள ஒருத்தரும் பார்க்க மாட்டினம். வேர்வையும் படாது."

எந்தச் சென்றியிலும் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். உறையிலிருந்து வெளியே எடுத்து, பிரட்டிப் பார்த்துத்தான் தருவார்கள். ஒரு நாளைக்கு நாலு தடவை நீட்டுகிற எனக்கு அது தெரியாதா? தெரியும். ஆனால் நான் கண்டுபிடித்த வழியில் சென்றியே இல்லை. என் வழியில் போகிறவரை யார் மறித்து அட்டை கேட்பார்கள்? அவ்வளவு கொழுப்பு எனக்கு.

படலையடியில் அக்கா அத்தானின் இரண்டு பைகளையும் தட்டினாள். "ஒண்டும் இல்லை. கவனமாப் போட்டு வாங்கோ," என்றாள். அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, களவுக்குத் துணைபோன பள்ளிப் பிள்ளை மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஏறி மிதித்தார்.

அன்றைக்கு விறகுக்காரர் சொன்ன இறக்கத்தைக் கண்டுபிடித்தேன். நீளமான பாறை, அதன் கீழே பாலை மரங்களின் நிழல், நிழல் முடிய ஒரு குளம். பிறேக்கைத் தொடாமல் இறங்கினேன். என் வாழ்நாளில் ஓடிய மிக நல்ல வழி அதுதான். மூன்று தடவை மேலே தள்ளிக்கொண்டுபோய் மூன்று தடவை இறங்கினேன். வீட்டுக்கு வந்தபோது அக்கா முற்றத்தில் நின்றாள். "அத்தான் போய்ச் சேர்ந்திருப்பாரோ?" என்று கேட்டாள்.

"இப்ப தாயின்ர வீட்டில மீன்குழம்போட சாப்பிட்டுக்கொண்டிருப்பார்," என்றேன்.

அவர் அங்கே போய்ச் சேரவில்லை. பாதை நிலாவெளி வீதியில் மிதக்கும் இடத்தில் முதல்நாள் புதிதாக ஒரு சென்றி போட்டிருந்தார்கள். என் தாளில் அந்த வட்டம் இல்லை.

மூன்றாம் நாள், இராணுவம் அவரைப் பிடித்துவிட்டதாகச் செய்தி வந்தது. நாலாம் நாள் அக்காவும் நானும் முகாம் வாசலுக்குப் போனோம். வெயிலில் மதியம்வரை நிற்கவைத்தபின் தமிழ் தெரிந்த ஒருவர் வெளியே வந்தார். குரலை உயர்த்தாமல் மரியாதையாகத்தான் பேசினார். கையில் என் தாள் இருந்தது. மடிப்பில் வேர்வை படவேயில்லை.

"அடையாள அட்டைக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தவர். எங்கட காவலிடங்கள் எல்லாம் இதில இருக்கு. ஆர் கீறினதெண்டு கேட்டா வாயைத் திறக்கிறார் இல்லை. கீறின ஆள் வந்து சொன்னால் இவரை விடலாம், அம்மா."

அக்கா தாளை உற்றுப் பார்த்தாள். அதில் எழுத்து ஒன்றும் இல்லை, என் குறிகள் மட்டும்தான். "எனக்குத் தெரியாது ஐயா. இவருக்குக் கீறவும் வராது," என்று சொல்லி அழுதாள்.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்கள் ஆர்?"

"தம்பி."

"இது ஆர் கீறினதெண்டு தெரியுமோ?"

சொன்னால் அத்தானை விடுவார்களா, அல்லது இருவரையும் வைத்துக்கொள்வார்களா என்று அந்த நேரத்தில் கணக்குப் பார்த்ததாகப் பிறகு எனக்கு நானே பல தடவை சொல்லியிருக்கிறேன். அது பொய். ஒரு கணக்கும் பார்க்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

"தெரியாது," என்றேன்.

அத்தான் அந்த வாசலால் வெளியே வரவேயில்லை. அடுத்த மாதம் கேட்டபோது அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். அக்கா வாசல் வாசலாக ஏறினாள். எல்லா இடத்துக்கும் துணைக்குப் போனது நான். விண்ணப்பங்களை எழுதியதும் நான். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைக்கும் என்று ஊர் சொன்னது. எருமையை விற்றுவிட்டேன், ஆனால் வழி தேடுகிற கண் மாறவில்லை. பஸ் யன்னலால் ஒரு பற்றைக்காடு தெரிந்தால் போதும், அதற்குள் எங்கே நுழைந்து எங்கே மிதக்கலாம் என்று அது தானாகத் தேடும். அந்தக் கண்ணை வெறுக்கிறேன்.

போன வருசம் காணாமல் போனவர்களுக்கான இன்னொரு விசாரணைக்குப் போய்விட்டு, அக்காவும் நானும் பஸ்ஸுக்காக நின்றோம். அவளுக்கு முடி முழுதும் நரைத்துவிட்டது. விண்ணப்பக் கோப்பை மடியில் வைத்துக்கொண்டு தரிப்பிட வாங்கில் இருந்தாள்.

"அந்தத் தாளைக் கீறினவனை முந்தி ஒவ்வொரு நாளும் திட்டுவன்," என்றாள். "இப்ப அப்பிடி இல்லையடா. அண்டைக்கு அவன் வந்திருந்தா இவரை விட்டிருப்பினம் எண்டு தெரியும். எண்டாலும் வர ஏலுமே? அவனும் ஆரோ ஒரு தாயின்ர பிள்ளை. பயந்திருப்பான், பாவம்."

அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, பஸ் வரும் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் அக்கா," என்றேன். "நல்லாப் பயந்திருப்பான்."