மூன்று மாதமாக முழுகாமல்

எங்கள் வீட்டில் முழுக்கு என்றால் ஒரே அர்த்தம்தான்: படிப்புக்கு முழுக்குப் போடுவது. இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்திலேயே நான் அதைப் போட்டுவிட்டதாக அப்பா நம்பினார். அவர் தாம்பரத்தில் கணக்கு வாத்தியார், ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பமாட்டார். ஆதாரம் தினமும் சாயங்காலம் ஈரத்தலையோடு வீட்டுக்கு வந்தது.

அப்போது பக்கத்து முடிச்சூரில் வயலுக்கு ஒரு கிணறு, கிணற்றுக்கு ஒரு பம்புசெட். குழாயின் அடியில் இருக்கும் வால்வில் சேறு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஏறாது. யாராவது மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கிச் சுத்தம் செய்ய வேண்டும். அந்த யாராவது நான்தான். அடியில் போனதும் உலகத்தின் சத்தமெல்லாம் நின்றுவிடும். எனக்கு அது பைத்தியமாகவே பிடித்திருந்தது. மூச்சு முட்டி மேலே வருவதுதான் பிடிக்காது.

அம்மாவின் கவலை வேறு. "முழுக்கு ஞானஸ்நானம் எடுக்கிறவங்களே ஒரு தடவதான் முழுகறாங்க. உனக்கு எதுக்கு தினமும்?" எங்கள் சபையில் தலையில் தெளிப்பதோடு சரி.

இன்ஜினியர் மூளை சும்மா இருக்குமா? பதினைந்து அடி ரப்பர் குழாயின் ஒரு நுனியைக் கிணற்று மேட்டில் கட்டி, மறு நுனியை வாயில் கவ்வி, இடுப்பில் கல்லோடு இறங்கினேன். பத்தடியில் யாரோ நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது. மேலே காற்று இருந்தது, வாயில் குழாய் இருந்தது, இழுக்கத்தான் முடியவில்லை. ஆழத்தில் அழுத்தம் கூடும் என்று பாடப் புத்தகம் சொன்னது உண்மைதான் என்று அன்று ஒப்புக்கொண்டேன். கிணற்றுக்காரர் குதித்து என்னைத் தூக்கி, சைக்கிள் கேரியரில் வைத்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

"இன்னா சார், புள்ள நீலமா பூட்சி" என்றார் அப்பாவிடம்.

அந்த வாரமே கடைசி வருட ஹைட்ராலிக்ஸ் மார்க் வந்தது. ஃபெயில். தண்ணீரிலேயே கிடந்தவன் தண்ணீர்ப் பாடத்தில் கோட்டை விட்டிருந்தேன்.

"இத பாஸ் பண்ற வரைக்கும் எந்தத் தண்ணியிலயும் இறங்கக் கூடாது" என்றார் அப்பா. பைபிள்மேல் கைவைக்கச் சொல்லவில்லை. "சரிப்பா" என்றால் அவருக்குப் போதும். சொன்னேன், மூன்று மாதம் காப்பாற்றவும் செய்தேன்.

மறுதேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருந்தபோது, துறைமுக வேலைகள் எடுத்துச் செய்யும் ஒரு கம்பெனியில் இருந்து இன்டர்வியூ வந்தது. முங்கத் தெரிந்த இன்ஜினியர் வேண்டுமாம். பட்டத்தையும் பைத்தியத்தையும் சேர்த்துக் கேட்கும் வேலை இன்னொன்று இந்த ஊரில் வரப்போவதில்லை.

மேஜைக்குப் பின்னால் இருந்த பெரிய இன்ஜினியர் தமிழிலேயே கேட்டார். "கடைசியா எப்போ முழுகினீங்க?"

உண்மையைச் சொன்னேன். "மூணு மாசமா முழுகாம இருக்கேன், சார்."

மூலையில் டைப் அடித்துக்கொண்டிருந்த பெண்மணி கையை நிறுத்தி என் வயிற்றைப் பார்த்தார். அப்போதுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது.

பெரியவர் முகம் மாறவில்லை. "அப்போ இன்னும் ஏழு மாசத்துக்கு நாங்க காத்திருக்கணும். அதுக்கு இங்க நேரமில்ல தம்பி. இன்னிக்கே இறங்கிக் காட்டுங்க, இல்லேன்னா அடுத்த ஆளக் கூப்பிடறேன்."

அப்பாவைக் கேட்க வழியில்லை. பள்ளிக்கூடத்தில் போன் கிடையாது. மனசு கேட்கவில்லை, ஆனாலும் சட்டையைக் கழற்றினேன். துறைமுகத்து ஓரத்தில் நிறுத்தி, முதுகில் காற்று சிலிண்டரைக் கட்டிவிட்டார்கள். ஸ்கூபா என்ற சொல்லை அன்றுதான் காதால் கேட்டேன். கம்பெனி ஆள் ஒருவர் கூடவே இறங்கினார். இருபதடி ஆழத்தில், கலங்கிய தண்ணீரில், மூச்சை இழுத்தேன். வந்தது. மறுபடி இழுத்தேன், மறுபடியும் வந்தது. கண்ணாடிக்குள் அழுதேன். அழுதால் உள்ளே துடைக்க முடியாது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. மின்சார ரயிலில் தாம்பரம் வருவதற்குள் தலை காயவில்லை. அப்பா வாசலில் நாற்காலி போட்டுப் பரீட்சைப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என் தலையைப் பார்த்தார். சிவப்புப் பேனாவை மூடினார். சொன்ன வார்த்தையை மீறியவனாக நான் நின்றேன்.

"முழுகினியா?"

"ஆமாப்பா."

கையில் இருந்த பேப்பரைக் கட்டின்மேல் வைத்தார்.

"மூச்சு விட முடிஞ்சுதா?"

"முடிஞ்சுதுப்பா."

"தலைய துவட்டு" என்று சொல்லிவிட்டுப் பேனாவைத் திறந்தார். ஹைட்ராலிக்ஸ் என்ன ஆயிற்று என்று அவர் கேட்கவே இல்லை.