தொட்டித் தண்ணீர் சுழலும் பக்கம்

எங்கள் அண்ணி பன்னிரண்டு வருடமாகக் கல்லூரியில் புவியியல் நடத்தி வந்தார். கல்லூரியில் நடத்தும் தகுதி ஒருவருக்கு உண்டா இல்லையா என்று பார்க்கும் பரீட்சையில் நான்கு முறை தோற்றும் இருந்தார். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று கேட்காதீர்கள். தற்காலிக விரிவுரையாளர் என்றால் பொருந்தும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் என் அண்ணன் அதைத் தன் பாஷையில் சொல்வார்: "பன்னெண்டு வருஷமா பஸ் ஓட்டறா. லைசென்ஸ் டெஸ்ட்டுல மட்டும் ஃபெயிலு."

படிக்காமல் தோற்றவர் அல்ல அண்ணி. தப்பு விடைகளின் மேல் அவருக்கு இரக்கம் வந்துவிடும், அதுதான் கோளாறு. ஒரு கேள்வி, கீழே நான்கு விடைகள். சரியானதைக் குறித்துவிட்டு அடுத்ததற்குப் போக வேண்டும். அண்ணி போக மாட்டார். "இந்த மூணாவது விடையைச் சொல்றவன் ஒண்ணும் முட்டாள் இல்ல தம்பி. பாதி தூரம் சரியாத்தான் யோசிச்சிருக்கான். பாதி மார்க் கொடுக்கலாம்" என்பார். விடைத்தாள் திருத்திப் பழகிய கை. பரீட்சை எழுதப் போன இடத்திலும் திருத்திக்கொண்டு உட்கார்ந்தால் கடிகாரம் காத்திருக்குமா? கடைசி இருபது கேள்விகளைத் தொடாமலே எழுந்து வந்தது இரண்டு முறை.

என் பிழைப்பு அந்தக் கல்லூரி வாசலில் ஒரு ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஸ்டூல். கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்பது அண்ணியின் நோட்ஸைத்தான். அச்சுக் கோத்த மாதிரி கையெழுத்து அவருக்கு. ஒவ்வொரு வருடமும் தன் நோட்டைப் படித்துத் திருத்திக் கொடுப்பார். நான் நகல் எடுத்து, ஸ்பைரல் போட்டு அடுக்கி வைப்பேன். "உங்க அண்ணி நோட்ஸ் இருந்தா புத்தகமே வேண்டாம்ணா" என்று பிள்ளைகள் சொல்லும்போது, ஏதோ நானே எழுதியது போல எனக்குத் தலைகால் புரியாது.

இந்த வருடம் ஒரு சுற்றறிக்கை வந்தது. தகுதித் தேர்வில் தேறாத தற்காலிகர்களுக்கு அடுத்த கல்வியாண்டிலிருந்து வகுப்பு கிடையாது. அதற்குள் ஒரே ஒரு தேர்வுதான் இருந்தது. அண்ணி இதை இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது மென்று முழுங்கிச் சொன்னார். அண்ணன் அன்று கிண்டல் எதுவும் பண்ணவில்லை. பாத்திரங்களை அவரே எடுத்துப் போய்க் கழுவினார்.

கல்லூரி நூலகத்தில் உதவியாளராக ஒரு பெண் இருந்தாள். அண்ணியிடம் படித்தவள். அலமாரிகளுக்கு நடுவே சத்தமில்லாமல் நடப்பதால் பிள்ளைகள் அவளுக்குப் பூனை என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் அதே தேர்வுக்குத்தான் படித்துக்கொண்டிருந்தாள். அடுத்தவர் படிக்கப் புத்தகம் எடுத்துக் கொடுக்கிற வேலையிலிருந்து, தானே பாடம் நடத்துகிற வேலைக்குப் போக வேண்டும் என்பது அவள் ஆசை. மதிய இடைவேளையில் ஜன்னலோர மேஜையில் இருவரும் உட்காருவார்கள். பூனை கைபேசியில் ஒரு நிமிடம் வைத்து, பழைய வினாத்தாளைப் பிரிப்பாள். நிமிடம் முடிந்தால் அது கிர்ரென்று அடிக்கும்.

"மேடம், அவனுக்கு இரக்கப்படாதீங்க. அடுத்ததுக்குப் போங்க."

"இருடி. இவன் சொல்றதுலயும் ஒரு நியாயம்..."

"போங்க மேடம்."

தன்னிடம் படித்த பெண் தன்னை விரட்டுகிறாளே என்று அண்ணிக்குக் கோபம் வரவில்லை. வீட்டில் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். ஆறு மாதத்தில் பழகிவிட்டது. பரீட்சையன்று ஏதோ ஒரு ஆரம்பப் பள்ளியின் குட்டி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து, நூறு கேள்விகளையும் முடித்துவிட்டு, பத்து நிமிடம் மிச்சம் வைத்து வெளியே வந்தார்.

நான்கு வாரம் கழித்து விடைக்குறிப்பு வெளியானது. நாம் குறித்ததையும் அவர்கள் சொல்லும் விடையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாமே எண்ணிக்கொள்ளலாம். என் கடையில்தான் பார்த்தோம். அறுபது எடுத்தால் தேர்ச்சி. அண்ணிக்கு ஐம்பத்தொன்பது.

மூன்று தரம் எண்ணினோம். மூன்று தரமும் அதேதான். அண்ணி அழவில்லை, தப்பாகப் போனவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தவர், எழுபத்து மூன்றாவது கேள்வியில் விரலை வைத்தார். வட அரைக்கோளத்தில், கை கழுவும் தொட்டியிலிருந்து நீர் வடியும்போது எப்படிச் சுழலும் என்று கேள்வி. இடஞ்சுழியாக, வலஞ்சுழியாக, தொட்டியையும் நீர் ஊற்றிய விதத்தையும் பொறுத்து, சுழலாது என்று நான்கு விடைகள். அண்ணி மூன்றாவதைக் குறித்திருந்தார். அவர்கள் இடஞ்சுழி என்கிறார்கள்.

"இது தப்பு தம்பி. பூமி சுத்துறது பெரிய புயலைத் திருப்பும். இத்தனூண்டு தொட்டியை அது கண்டுக்காது. பழைய பாடப் புத்தகத்துல இடஞ்சுழின்னு போட்டிருந்தான். புதுப் பதிப்புல மாத்திட்டான்."

வீட்டுக்குப் போனதும் சமையலறைத் தொட்டியை அடைத்து நீர் நிரப்பினார். ஒரு துண்டுக் காகிதத்தைக் கிள்ளி மிதக்கவிட்டு, அடைப்பை எடுத்தார். காகிதம் இடப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனது. மறுபடி நிரப்பி, இந்த முறை குழாயை வேறு பக்கம் திருப்பி ஊற்றினார். வலப்பக்கமாகச் சுற்றிப் போனது. நாங்கள் மூவரும் ஒன்பது முறை தொட்டியை நிரப்பிக் காலி செய்தோம். அது தன் இஷ்டத்துக்குத்தான் சுற்றியது.

"கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதுக்கு? இதையே காட்டு" என்றார் அண்ணன்.

"தொட்டியைக் கழட்டி அனுப்ப முடியாதுங்க. புத்தகத்துப் பக்கம்தான் அனுப்பணும்."

விடைக்குறிப்பில் பிழை இருந்தால் ஐந்து நாளுக்குள் ஆட்சேபம் அனுப்பலாம்; ஏற்றுக்கொண்டால் விடையை மாற்றி எல்லாருக்கும் மறுபடி மதிப்பெண் போடுவார்கள். புதுப் பதிப்பு கல்லூரி நூலகத்திலேயே இருந்தது. ஒரு பக்கத்தை ஸ்கேன் பண்ணி இணைத்தால் வேலை முடிந்தது. அண்ணன் அன்று பாட்டுப் பாடிக்கொண்டு குளித்தார்.

மறுநாள் காலை அண்ணி கடைக்கு வந்து ஆட்சேபப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். அப்போதுதான் பூனை ஓடி வந்தாள். அவள் ஓடி நான் பார்த்ததே இல்லை.

"அண்ணா, அறுபது. சரியா அறுபது." அண்ணியைப் பார்த்ததும் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், எழுபத்து மூணுதான் என்னைக் காப்பாத்துச்சு. உங்க நோட்ஸ்ல அப்படியே இருந்துது. அது இல்லன்னா ஐம்பத்தொம்போதுல நின்னிருப்பேன்."

அண்ணி அவள் கன்னத்தைத் தட்டிக் கொடுத்தார். "உங்களுக்கு எவ்வளவு மேடம்?" என்று அவள் கேட்டதற்கு, "இன்னும் பாக்கலம்மா" என்றார். அண்ணி பொய் சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அவள் போனதும் என் பக்கம் திரும்பினார். "நான் அதை எப்பவோ திருத்திட்டேனே தம்பி."

ஸ்பைரல் போட்ட ஒரு பிரதியையும், என்னிடம் இருந்த மூல நோட்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். மூலத்தில் இடஞ்சுழி என்ற வரி மெல்லிய பென்சிலால் அடிக்கப்பட்டு, ஓரத்தில் சரியான விளக்கம் பென்சிலிலேயே எழுதப்பட்டிருந்தது. அண்ணி தன் திருத்தங்களை மையில் எழுத மாட்டார். நாளைக்கு இதுவும் தப்பென்று ஆகலாம், அழிக்கிற மாதிரி இருக்கட்டும் என்பது அவர் கொள்கை. பிரதியில் பென்சில் இல்லை. ஒரு கோடு கூட இல்லை. பழைய வரி மட்டும் பளிச்சென்று நின்றது.

எனக்கு உடனே புரிந்தது. மூல நோட்டின் தாள் பழுப்பேறிவிட்டதால் நகல் மங்கலாக விழுந்தது. அழுக்குத் தெரியக் கூடாதென்று மெஷினில் வெளிச்சத்தைக் கூட்டி வைத்தேன். அழுக்கோடு சேர்ந்து பென்சிலும் போய்விட்டது. பக்கம் சுத்தமாக வருகிறது என்று சந்தோஷப்பட்டேனே தவிர, ஒரு நாளாவது ஒப்பிட்டுப் பார்த்தேனா? அண்ணியும் பிரதியைத் திறந்து பார்த்ததில்லை. சொந்த நோட்டை யார் நகலில் படிப்பார்கள்?

"எத்தனை வருஷமா தம்பி?"

"எட்டு."

அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தார். "வருஷத்துக்கு நாப்பது பேர்" என்றார். அதைப் பெருக்கிச் சொல்லவில்லை.

"என்னைத் திட்டுங்க அண்ணி."

"திட்டினா உங்களுக்கு லேசாயிடும்" என்றார். அது எந்தத் திட்டையும்விட எனக்கு வலித்தது.

படிவம் அனுப்பாமலே கிடந்தது. விடை மாறினால் அண்ணிக்கு அறுபது, பூனைக்கு ஐம்பத்தொன்பது. மாறாவிட்டால் பூனை தேறுவாள். அண்ணிக்குப் பன்னிரண்டு வருடம் போச்சு. அண்ணனுக்கு இதில் குழப்பமே இல்லை. "தப்பைத் தப்புன்னு சொல்றதுக்கு என்ன யோசனை? போடு" என்றார். நான் இன்னும் ஒரு படி கீழே இறங்கினேன். "யார் போட்டதுன்னு வெளிய தெரியாது அண்ணி. அந்தப் பொண்ணுகிட்ட சொல்லவே வேண்டாம்" என்றேன். சொன்ன வாய் எனக்கே கசந்தது.

"இதனால எனக்கு நஷ்டம்னா இந்நேரம் அனுப்பியிருப்பேன் தம்பி. ரெண்டாவது தடவை யோசிச்சிருக்க மாட்டேன். லாபமா இருக்கே, அதான் கை வரல" என்றார் அண்ணி.

அந்த மூன்று நாளும் அவர் வகுப்புக்குப் போனார், வந்தார். வழியில் பூனை எதிர்ப்பட்டால் வேறு பக்கமாகப் போனார். நான்காம் நாள் கடை வாசலில் வந்து நின்று, "வாங்க, லைப்ரரிக்குப் போவோம்" என்றார். கடையைப் பூட்டிக்கொண்டு போனேன்.

பூனை திரும்பி வந்த புத்தகங்களுக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். அண்ணி சுற்றி வளைக்காமல் சொன்னார். தன் மதிப்பெண், அந்தக் கேள்வி, முதல் வருடங்களில் தானும் பழைய புத்தகத்தைப் பார்த்துத் தப்பாக எழுதியது, பிறகு திருத்தியது, எல்லாம். பென்சில் அழிந்த கதையை நான் சொன்னேன். சொல்லும்போது அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"மாத்திட்டாங்கன்னா எனக்கு ஐம்பத்தொம்போதா மேடம்?"

"ஆமாம்மா."

"நீங்க போடலைன்னா?"

"வேற யாராவது போடலாம். போடாமலும் போகலாம்."

முத்திரைக் கட்டை அவள் கையிலேயே இருந்தது. "நீ வேண்டாம்னா..." என்று ஆரம்பித்த அண்ணி, பாதியில் நிறுத்திக்கொண்டார். அந்தப் பாரத்தைத் தூக்கி அவள் தலையில் வைக்க அவருக்கு மனம் வரவில்லை என்று நினைக்கிறேன். "நான் அனுப்பப் போறேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றார்.

பூனை எழுந்து போனாள். எங்கோ போய் அழப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். ஐந்தாவது அலமாரியிலிருந்து புதுப் பதிப்பை எடுத்து வந்து, பக்கத்தைத் தேடி, சீட்டுக் கிழித்து உள்ளே வைத்தாள். பதிவேட்டில் வரி எழுதிவிட்டு என்னிடம் நீட்டினாள்.

"இது வெளிய கொடுக்கிற புத்தகம் இல்ல அண்ணா. ஸ்கேன் எடுத்துட்டு ஒரு மணி நேரத்துல கொண்டாந்துடுங்க."

முக்கால் மணி நேரத்தில் கொண்டு போய்க் கொடுத்தேன்.

இறுதி முடிவு வர மூன்று வாரம் ஆனது. விடையை மாற்றியிருந்தார்கள். அண்ணிக்கு அறுபது. தேர்ச்சிச் சான்றை எடுக்கக் கடைக்கு வந்தவர், அது பிரிண்டரிலிருந்து வெளியே வருவதை ஏதோ மின்சாரக் கட்டண ரசீதைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் இருமுறை போன் பண்ணிவிட்டார். எடுக்கவில்லை.

அப்போது பூனை வந்தாள். அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும் என்றாள். அண்ணியைப் பார்த்துச் சிரித்தாள். நல்ல சிரிப்புதான், போலி இல்லை. அவள் விவரங்களை நான் அடித்துக்கொண்டிருந்தபோது அவள் அண்ணி பக்கம் திரும்பினாள்.

"மேடம், ஒண்ணு சொன்னா தப்பா நினைக்க மாட்டீங்களே?"

"சொல்லும்மா."

"எங்க வீட்டுத் தொட்டியில தண்ணி வலப்பக்கமாத்தான் சுத்திப் போகும். சின்ன வயசுலேர்ந்து பாத்துக்கிட்டிருக்கேன். பரீட்சையில அந்தக் கேள்வியைப் படிச்சதும் அதுதான் கண்ணு முன்னால வந்துது."

அண்ணி சான்றிதழை மேஜைமேல் வைத்தார். "அப்புறம் ஏன் இடஞ்சுழின்னு போட்ட? ஒரு நாள் வந்து என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க எழுதியிருந்தீங்களே மேடம்" என்றாள் பூனை. "எங்க வீட்டுத் தொட்டியிலதான் ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டேன்."