வயலின் வராத பெட்டி

அந்த ஸ்பீக்கர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றியதுமே முகத்தைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே கரப்பான் முட்டைகள், காய்ந்து தட்டையான ஒரு பல்லி, எல்லாவற்றின் மேலும் தேயிலைத் தூசி. பெரிய ஸ்பீக்கரின் ஓரத்தில் இருந்த ஃபோம் உளுத்துக் கருப்புப் பிசினாகிக் கையில் ஒட்டியது. சோப்புக்குப் போகவில்லை, மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன். அன்று மத்தியானம் சோற்றில் கைவைக்கவே அருவருப்பாக இருந்தது.

பெட்டிகள் என் அக்காவின் வீட்டுக்காரருடையவை. வண்டிப்பெரியாருக்கு மேலே ஒரு எஸ்டேட் பாக்டரியில், தேயிலை அரைக்கிற மெஷின் பக்கத்திலேயே முப்பது வருஷமாக நிற்கிறவர். எப்போதோ துரை பங்களாவைக் காலி செய்தபோது வாங்கிவந்த தேக்குப் பெட்டிகள். ரிட்டயர் ஆக இரண்டு மாதம்தான் இருந்தது. அதற்கப்புறம் உட்கார்ந்து பாட்டுக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் அந்த மனிதருக்கு ஆசை.

"பாட்டெல்லாம் வருது மாப்ள. வயலின் மட்டும் வரமாட்டேங்குது. என்னான்னு பாரு," என்று சொல்லிக் கொடுத்திருந்தார்.

எனக்குக் கரண்டு வேலை தெரியும், ஆணவம் அதைவிட நன்றாகத் தெரியும். எனக்கு முன்னால் கைவைத்த எவனோ கிழிந்த கூம்பில் காயத்துக்குப் போடுகிற பிளாஸ்டரை ஒட்டியிருந்தான். அவனை வாய்விட்டுத் திட்டினேன். பழசு என்றால் செத்தது என்பது என் கொள்கை. வயலின் மாதிரி கீச்சுச் சத்தத்துக்கான ட்வீட்டர் இரண்டையும் சோதிக்காமலே பிடுங்கி எறிந்துவிட்டு, கொச்சியிலிருந்து பட்டுத்துணி வைத்த புது ட்வீட்டர் வரவழைத்தேன். வற்றிப்போன கண்டென்சர்களை மாற்றினேன். ஃபோம் இருந்த இடத்தில் ரப்பர் வளையம் ஒட்டினேன். என் வேலையைப் பார்த்து நானே மயங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். தொழிலாளர் லயத்து வீட்டின் முன்னறையில் பெட்டிகளை வைத்து வயர் மாட்டியதும், மச்சான் நேரே எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஆம்ப்ளிஃபையரில் கீச்சுச் சத்தத்தைக் கூட்டுகிற டிரெபிள் குமிழைக் கடைசிவரை திருகியே வைத்திருந்தார். ரசனை கெட்ட மனுஷன் என்று நினைத்துக்கொண்டு அப்படியே ஓடவிட்டேன்.

வயலின் கண்ணாடியைக் கீறுவதுபோல வந்தது. அடுப்படியிலிருந்து அக்கா கரண்டியோடு ஓடிவந்தாள். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மச்சான் மட்டும் அசையாமல் இருந்தார். கொஞ்ச நேரம் கழித்து என்னைப் பார்த்து, "வயலின் எப்ப மாப்ள வரும்?" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். வாயால், "வயலின்தானே மச்சான் இப்ப ஓடுது," என்று கத்தினேன்.

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா இரண்டு காதிலும் விரலை வைத்து அடைத்துக்கொண்டு நின்றாள். அந்த விரல்களையே கொஞ்ச நேரம் பார்த்தவர், என் பக்கம் திரும்பிச் சிரித்தார். "ஆமா, ஆமா. இப்ப வருது. நல்லாருக்கு."

பாராட்டை வாங்கிக்கொண்டு கோழிக்குழம்பும் சாப்பிட்டேன். கை கழுவும்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவிடம் மெதுவாக, "மச்சானுக்குக் காது எப்படிக்கா?" என்று கேட்டேன்.

"காதுக்கென்ன? பாக்டரிக்காரவுக எல்லாரும் கத்தித்தான்டா பேசுவாக. இந்த லயத்துல எந்த ஆம்பள மெதுவாப் பேசுறான்?"

அவளைக் குறை சொல்லி என்ன ஆக? மெஷின் சத்தத்தில் கத்திக் கத்தி, கை ஜாடை காட்டி, அதே பழக்கத்தோடுதான் அந்த ஆட்கள் வீட்டுக்கும் வருகிறார்கள். வீட்டில் இருப்பவர்களும் திருப்பிக் கத்துகிறார்கள். அங்கே காதில் கீச்சுச் சத்தம் மட்டும் விழாமல் போனவனைக் கண்டுபிடிக்க யாருக்கும் தோன்றாது, எனக்கும் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து, பிடுங்கிப்போட்ட பழைய ட்வீட்டர்களை வயரில் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் பளிச்சென்று பாடின. பல்லியைப் பார்த்து வந்ததைவிடப் பெரிய அருவருப்பு அப்போது என்மேல் வந்தது. பெட்டியைக் கடைசி ஸ்க்ரூவரை கழற்றிப் பார்த்தவன், எதிரில் இருந்த மனிதரை ஒரு தடவை சரியாகப் பார்க்கவில்லை. பார்த்த நேரத்தில் கழுதை என்று நினைத்தேன். சீ என்று இருந்தது.

மறுநாள் காலையில் போன் செய்தேன். அக்காதான் எடுத்தாள். மச்சானைக் காது டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டும், நானே வருகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பின்னால் அவர் குரல் கேட்டது. பாக்டரியில் கத்துகிற அதே கத்தல்.

"யாரு, மாப்ளயா? ராத்திரி பூரா வயலின்தான் கேட்டேன்னு சொல்லு. அவன் சந்தோசப்படுவான்."